மருத்துவ ஆராய்ச்சி யாருக்குச் சொந்தம்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் 2009-இல் இயந்திரவியல் துறையில் படித்து முடித்து வெளியே போனவன். சொந்த ஊர் தாமல். காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற சாலையில் பாலுசெட்டிசத்திரம் தாண்டினால் பெரிய ஏரி ஒன்று வரும். அதுதான் எங்க ஊர். இப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறேன். செயலாளர் போன் செய்து "ஏதாவது பேசுப்பா" என்றபோது, மோட்டாரைப் பற்றியோ கம்ப்ரசரைப் பற்றியோ பேசுவேன் என்று அவர் நினைத்திருப்பார். நான் பேசப் போவது மருத்துவ ஆராய்ச்சி இதழ்களைப் பற்றி. "இவனுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பது நியாயம். சம்பந்தம் எங்கள் வீட்டுத் தறியில் ஆரம்பித்தது.

என் அப்பா பட்டு நெசவாளர். கோர்வைப் புடவை நெய்கிறவர். காஞ்சிபுரத்துக்காரர்களுக்குக் கோர்வை பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு ஆளால் ஆகாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து நாடா போட்டுத் தர வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இன்னொருவர் அம்மா. முப்பது வருஷமாகக் குழித்தறியில் இரண்டு பேரும் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து நெய்தவர்கள்.

2017-இல் அப்பாவுக்கு விடாத இருமல். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்து காசநோய் என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை, செலவு இல்லை, வீட்டிலேயே இருந்து சாப்பிடலாம் என்று டாக்டர் தெளிவாகவே சொன்னார். ஆனால் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் விடவில்லை. "வீட்டுல வெச்சுக்கிட்டா எல்லாருக்கும் ஒட்டிக்கும். எங்கேயாவது கொண்டு போய்ச் சேர்த்துடு" என்றார் ஒருவர். "உங்க அம்மாவைத் தறி பக்கமே விடாதே" என்றார் இன்னொருவர். தறி நின்றால் வீடு நிற்கும். அம்மா என்னிடம் வந்து, "நீதான் இஞ்சினீயர் படிச்சவனாச்சே, சரியாப் பார்த்துச் சொல்லு. நான் பக்கத்துல உக்காரலாமா, கூடாதா?" என்று கேட்டார்.

அன்று ராத்திரி கம்ப்யூட்டரில் தேடினேன். இந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்தது போல ஒரு ஆய்வுக் கட்டுரை கிடைத்தது. இந்திய நோயாளிகளைப் பற்றியதுதான். தலைப்பு தெரிந்தது, பத்து வரிச் சுருக்கம் தெரிந்தது. அதற்குக் கீழே படிக்க வேண்டுமானால் முப்பத்தைந்து டாலர் கட்டு என்றது. அன்றைய மதிப்பில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். அப்பாவும் அம்மாவும் இரண்டு மூன்று நாள் தறியில் உட்கார்ந்தால் வரும் கூலி. அதையும் கட்டினால் ஒரு நாள் மட்டும் படிக்கலாமாம்.

நல்ல வேளையாக இன்னும் கொஞ்சம் தேடினேன். பழைய கட்டுரை ஒன்று முழுதாகத் திறந்தது. பூட்டும் இல்லை, கட்டணமும் இல்லை. எங்கே நடந்த ஆராய்ச்சி தெரியுமா? நம் சென்னையில்!

1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து செய்த ஏற்பாடு. அதுதான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்க வேண்டும். தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். நோயாளிகளோ ஏராளம், படுக்கைகளோ சொற்பம். எனவே சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியம். நல்ல சாப்பாடு, ஓய்வு, கவனிப்பு எல்லாம் உண்டு. இன்னொரு பிரிவு நெருக்கடியான சொந்த வீட்டிலேயே இருந்து, அரைகுறைச் சாப்பாட்டோடு மருந்து சாப்பிட வேண்டியது. இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் குணமானவர்கள் கணக்கு ஏறக்குறைய சமம்!

இந்த முடிவு 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டின் இதழில் வெளியாயிற்று. வீட்டில் கூட இருந்தவர்களை ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்து 1966-இல் அதே இதழில் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்துக்கு, சானடோரியம் போனவரின் குடும்பத்தை விடக் கூடுதலாக நோய் வரவில்லை. தொற்று பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிக்கும் முன்பே நடந்து முடிந்து விடுகிறது. ஒழுங்காக மருந்து ஆரம்பித்த பிறகு ஆளைப் பிரித்து வைப்பதால் பெரிய லாபம் இல்லை என்று தெரிந்தது. உலகம் முழுவதும் காசநோய்க்கு வீட்டில் வைத்தே வைத்தியம் பார்க்கும் முறைக்கு அடித்தளம் போட்டது இந்தச் சென்னை ஆய்வுதான்.

நான் அந்தத் தாள்களை எடுத்துக் கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் சிரித்துவிட்டு, "நான் சொன்னதைத்தானே தம்பி இதுவும் சொல்லுது" என்றார். அம்மாவுக்கும் பரிசோதனை செய்தார். ஒன்றும் இல்லை. முதல் சில வாரம் தள்ளி இருக்கச் சொன்னார். பிறகு ஜன்னலைத் திறந்து வைத்துக் கொண்டு உட்காரலாம் என்றார். ஆறு மாதத்தில் அப்பா குணமானார். நடுவில் தறி ஒன்றரை மாதம்தான் நின்றது.

நண்பர்களே, அப்பாவுக்குக் குணமானது மாத்திரையால், கட்டுரையால் அல்ல. ஆனால் எங்கள் வீட்டில் பயம் தீர்ந்தது அந்தக் கட்டுரையால். அது பூட்டிக் கிடந்திருந்தால்? அந்தக் கேள்விதான் என்னை இதற்குள் இழுத்து விட்டது.

இந்த ஆய்விதழ் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். பட்டுத் தொழிலில் முதலாளி பாவும் ஜரிகையும் தருகிறார். நெசவாளி நெய்து கொடுத்துக் கூலி வாங்குகிறான். கூலி குறைவு என்று சண்டை போடலாம். ஆனாலும் கூலி உண்டு. ஆராய்ச்சியில் பாவும் ஜரிகையும் பெரும்பாலும் அரசுப் பணம், அதாவது நம் வரிப்பணம். நெய்கிறவர் விஞ்ஞானி. கட்டுரைக்கு ஆய்விதழ் அவருக்குச் சம்பளம் தருவதில்லை. நெய்தது சரியா, இழை அறுந்திருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பவரும் இன்னொரு விஞ்ஞானி. அவருக்கும் பொதுவாகக் கூலி கிடையாது. கடைசியில் கட்டுரையின் உரிமையை எழுதி வாங்கிக் கொள்கிறது வெளியீட்டு நிறுவனம். பிறகு அதே விஞ்ஞானியின் கல்லூரி நூலகத்துக்கு அதைச் சந்தாவாக விற்கிறது. நெய்தவன் தன் புடவையைத் தானே விலைக்கு வாங்குவது போல. பதிப்பாளருக்குச் செலவே இல்லை என்று நான் சொல்லவில்லை. பதிப்பிக்கும் வேலைக்குச் செலவு உண்டு. ஆனால் அந்தச் செலவுக்காக ஊரையே வெளியே நிறுத்துவது தகுமா?

மருத்துவத்தில் இன்னொரு பங்குதாரர் உண்டு. அவரை எல்லோரும் மறந்து விடுகிறோம். உடம்பைக் கொடுத்தவர்!

என் பெரியம்மா வாழ்க்கைப்பட்டது திருவள்ளூர்ப் பக்கம். அப்போது திருவள்ளூரும் காஞ்சிபுரமும் எல்லாம் ஒரே செங்கல்பட்டு மாவட்டம். 1968 முதல் 1971 வரை அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை நடந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கையில் ஊசி போட்டார்கள். சிலருக்கு நிஜத் தடுப்பூசி, சிலருக்கு வெறும் ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக் கொண்டவருக்கும் தெரியாது. அப்புறம் வருஷக் கணக்கில் வீடு வீடாக வந்து சளியும் எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். உலகத்தில் நடந்த மிகப் பெரிய தடுப்பூசிச் சோதனைகளில் அது ஒன்று. 'செங்கல்பட்டுச் சோதனை' என்றால் உலகம் முழுக்கக் காசநோய் டாக்டர்களுக்குத் தெரியும்.

முடிவு யாரும் எதிர்பாராதது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. முதல் அறிக்கை 1979-இல் அதே உலக சுகாதார நிறுவனப் புல்லட்டினில் வந்தது. பதினைந்து வருஷக் கண்காணிப்பின் முடிவு 1999-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்தது. 1913-இல் தொடங்கிய இதழ் அது. இரண்டையும் இன்று யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வராமல் பி.சி.ஜி. காக்கிறது, அதனால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறோம். அதையும் சொல்லி விடுகிறேன், இல்லாவிட்டால் இங்கே இருக்கிற இளம் அம்மாக்கள் பயந்து விடுவார்கள்.

போன வருஷம் பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். கைத் தழும்பைத் தடவிக் கொண்டே, "அம்பது வருஷம் ஆச்சு. அந்த ஊசி என்னாச்சுன்னு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லலியேடா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. திறந்து வைத்திருந்த கட்டுரைக்கே இந்தக் கதி என்றால், பூட்டி வைத்த கட்டுரைகள் எத்தனை பேருடைய தழும்புக்குப் பதில் சொல்லாமல் கிடக்கின்றன?

வெளிநாட்டில் இதை விடக் கொடுமை நடந்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் லைபீரியா என்று ஒரு நாடு. 2014-இல் அங்கே எபோலா காய்ச்சல் பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். லைபீரியாவில் எபோலா வரும் என்று யாரும் நினைக்கவில்லை என்றே எல்லோரும் பேசினார்கள். ஆனால் லைபீரிய மக்களின் ரத்தத்தில் எபோலா தொற்றிய அடையாளம் இருக்கிறது, அந்த நாட்டையும் எபோலா வட்டாரத்தில் சேர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் 1982-இலேயே ஒரு ஆய்விதழில் எழுதியிருந்தார்கள்! லைபீரியாவின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த பெர்னிஸ் டானும் மற்றவர்களும் 2015-இல் நியூயார்க் டைம்ஸில் இதை வேதனையோடு எழுதினார்கள். அப்படிப்பட்ட ஒரு கட்டுரையை இறக்கிப் படிக்க 45 டாலர். அங்கே ஒரு டாக்டரின் அரை வாரச் சம்பளம் அது என்றார்கள். ரத்தம் கொடுத்தது லைபீரியா. எச்சரிக்கை மட்டும் லைபீரியாவுக்கு வந்து சேரவில்லை.

இதை மாற்ற வேண்டும் என்று கிளம்பியதுதான் ஓப்பன் ஆக்சஸ் இயக்கம். தமிழில் திறந்த அணுக்கம் என்கிறார்கள். 2002-இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்திலிருந்து வந்த அறிக்கை இதற்கு இலக்கணம் வகுத்தது. ஆய்வுக் கட்டுரையை யாரும் இலவசமாகப் படிக்கலாம், படியெடுக்கலாம், பயன்படுத்தலாம். எழுதியவர் பெயரைச் சரியாகச் சொன்னால் போதும். நம் நாடும் சும்மா இருக்கவில்லை. அதே 2002-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் தன் ஆய்வாளர்களின் கட்டுரைகளை எல்லோரும் படிக்கும்படி ஒரு மின் களஞ்சியம் அமைத்தது. சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த தகவல் அறிவியல் அறிஞர் சுப்பையா அருணாசலம், இதற்காகவே ஊர் ஊராகப் பேசி, நூலகர்களுக்குப் பயிலரங்குகள் நடத்தினார். மும்பையில் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த முதுநிலை மருத்துவ இதழ், முழுக் கட்டுரைகளையும் இணையத்தில் இலவசமாகத் திறந்து விட்டது. எழுதுகிறவர்களிடமும் கட்டணம் வாங்கவில்லை. ஓசியில் கொடுத்தால் அச்சு இதழை யார் வாங்குவார்கள் என்று பயந்தார்கள். சந்தா குறையவில்லை, கூடியது.

2014 டிசம்பரில் நம் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும், தங்கள் பணத்தில் நடந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் களஞ்சியத்தில் போட வேண்டும் என்று கொள்கை வகுத்தன. அமெரிக்காவில் அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் பணம் தந்த ஆராய்ச்சி என்றால், 2025 ஜூலை முதல் வெளியான அன்றே இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது விதி. அதற்கு முன் பன்னிரண்டு மாதம் வரை காக்க வைத்தார்கள். கொரோனா வந்த 2020-இல் பெரிய பெரிய பதிப்பகங்கள் எல்லாம் கொரோனாக் கட்டுரைகளைத் திறந்து விட்டன, ஞாபகம் இருக்கிறதா? மனசு இருந்தால் திறக்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி. காசநோய்க்கும் புற்றுநோய்க்கும் ஏன் முடியாது?

குறைகளையும் சொல்லாவிட்டால் பொறியாளன் பேச்சாகாது. படிப்பவரிடம் வாங்காத காசை எழுதுகிறவரிடம் வாங்குவது என்று பல இதழ்கள் வழி கண்டுபிடித்தன. உலகப் புகழ் பெற்ற 'நேச்சர்' இதழ், ஒரு கட்டுரையைத் திறந்து வெளியிட 9,500 யூரோ என்று 2020-இல் அறிவித்தது. அன்றைய கணக்கில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். வாசலில் இருந்த பூட்டைக் கழற்றிக் கொல்லைப்புறத்தில் மாட்டிய கதை.

இன்னொரு பக்கம், காசு கொடுத்தால் எதையும் அச்சடிக்கும் போலி இதழ்கள் முளைத்தன. 2013-இல் 'சயன்ஸ்' இதழுக்காக ஜான் பொஹானன் என்ற நிருபர், வேண்டுமென்றே தப்பும் தவறுமாக ஒரு போலி மருந்துக் கட்டுரை எழுதி 304 இதழ்களுக்கு அனுப்பினார். பாதிக்கு மேற்பட்டவை ஏற்றுக் கொண்டன! நம் நாட்டு இதழ்களும் அதில் கணிசமாக இருந்தன என்பது நமக்கு வெட்கக்கேடு. மாணவர்களே, "மூன்றே நாளில் பிரசுரம், கட்டணம் இவ்வளவு" என்று கடிதம் வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பட்டு என்று சொல்லி வேறெதையோ விற்பவன் அவன்.

அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு. இது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் இதுவும் சந்தாதான்; சாவிக்குப் பணம் கட்டுகிறோம், பூட்டு அப்படியே இருக்கிறது. அந்த நிறுவனங்களுக்கு வெளியே இருப்பவர் எல்லாம் பூட்டுக்கு வெளியேதான். தாமலில் தனியாக கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் வெளியே. என் அம்மா வெளியே. இங்கே உட்கார்ந்திருக்கும் முன்னாள் மாணவர்களே, நம்மில் பெரும்பாலோர் வெளியே. பட்டம் வாங்கிய கையோடு நூலக அட்டையையும் திருப்பிக் கொடுத்து விட்டோம் அல்லவா?

முடிக்கும் முன் மூன்று வேண்டுகோள்கள். மாணவர்களே, நாளை நீங்கள் கட்டுரை எழுதும்போது உரிமைப் பத்திரத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் கைப்பிரதியைச் சில மாதம் கழித்துப் பொதுக் களஞ்சியத்தில் போடப் பல பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. கேட்காததால் விட்டு விடுகிறோம். எழுதுகிறவரிடமும் படிக்கிறவரிடமும் காசு வாங்காத நல்ல இதழ்கள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. அவற்றை மட்டமாக நினைக்காதீர்கள். முதல்வர் அவர்களே, நம் கல்லூரி ஆசிரியர், மாணவர்களின் கட்டுரைகளுக்கு நம் நூலகத்திலேயே ஒரு மின் களஞ்சியம் வைக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கான செலவில் என் பங்கை இந்த மேடையிலேயே ஏற்றுக் கொள்கிறேன்.

மூன்றாவது, முன்னாள் மாணவர்களுக்கு. முழு உரிமையோடு திறந்து விட்ட கட்டுரையை யாரையும் கேட்காமல் மொழிபெயர்க்கலாம். நம்மில் டாக்டர்கள் இருக்கிறார்கள், மருந்தாளுநர்கள் இருக்கிறார்கள், தமிழ் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வருஷத்துக்குப் பத்துக் கட்டுரை. நம் மாவட்டத்து மக்களின் உடம்பை வைத்து நடந்த ஆராய்ச்சியாகப் பார்த்து, முடிவை இரண்டு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி இந்த மலரிலேயே போடுவோம். முதல் கட்டுரையாகச் செங்கல்பட்டுச் சோதனையை நானே எழுதித் தருகிறேன். தப்பு இருந்தால் டாக்டர் நண்பர்கள் திருத்த வேண்டும். அச்சானதும் முதல் பிரதி என் பெரியம்மாவுக்கு.

அப்பாவும் அம்மாவும் இன்றைக்கும் அதே தறியில்தான் இருக்கிறார்கள். நான் கிளம்பும்போது, "காலேஜுல என்னடா பேசப் போறே?" என்று அம்மா கேட்டார். "நீ பக்கத்துல உக்காரலாமான்னு கேட்டியே, அதைத்தான்" என்றேன்.